கம்ப்யூட்டர் மேசைக்குக் கலர் லைட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யத் தெரிந்தவன் என்று பெயரெடுத்துவிட்டால், கலர் லைட் பற்றிய சந்தேகங்களும் நம்மிடமே வந்து சேரும். அலுவலக நண்பர்கள், சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள், மாடி வீட்டுக் கல்லூரிப் பையன் என்று ஆள்தான் மாறுகிறதே தவிரக் கேள்விகள் மாறுவதில்லை. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

லைட் போட்டா கேம் வேகமா ஓடுமா?

ஓடாது. மெதுவாகவும் ஆகாது. உள்ளே இருக்கும் விளக்குகளால் கேபினெட் சூடாகும் என்று சிலர் பயப்படுவார்கள். நான்கைந்து ஃபேன்களின் விளக்குகள் எல்லாம் சேர்ந்து சில வாட்தான். கிராபிக்ஸ் கார்டு கக்கும் சூட்டுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

பட்ஜெட் ஆயிரம் ரூபாய்தான். முதல்ல எதை வாங்கறது?

மானிட்டருக்குப் பின்னால் ஒட்ட ஒரு எல்இடி ஸ்ட்ரிப், அதாவது குட்டி விளக்குகள் வரிசையாகப் பதித்த நாடா. வேறு எதையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். கலர் கீபோர்டு, கலர் மவுஸ்பேட், கலர் ஹெட்செட் ஸ்டாண்ட் எல்லாம் கண்ணுக்கு நேராக எரிபவை. சுவரில் விழும் வெளிச்சம்தான் அறையின் முகத்தை மாற்றும். விளக்கு மறைந்திருக்க வேண்டும், வெளிச்சம் மட்டும் தெரிய வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

வாங்கும்போது வெள்ளைக்கென்று தனி எல்இடி உள்ள வகையாகப் பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலந்து உண்டாக்கும் வெள்ளை வெறும் பெயருக்குத்தான் வெள்ளை. இடையில் இருக்க வேண்டிய மஞ்சள் பகுதி அதில் மிகவும் குறைவு. அதனால் தோலின் நிறமும் மர மேசையின் நிறமும் செத்துப்போய்த் தெரியும்.

ஆர்ஜிபி, ஏஆர்ஜிபி ரெண்டும் ஒண்ணுதானே? கடைக்காரர் அப்படித்தான் சொன்னார்.

இல்லை. இதைக் குழப்பிக்கொண்டால் காசு போகும். ஆர்ஜிபி என்பது சிவப்பு, பச்சை, நீலம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். ஏஆர்ஜிபியில் முன்னால் வரும் 'ஏ', ஒவ்வொரு எல்இடியையும் தனித்தனியாக ஆட்டுவிக்கலாம் என்பதற்கு. சாதாரண ஆர்ஜிபி பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுவது, நான்கு பின் கொண்டது. ஒரு பின்னில் 12 வோல்ட் வரும், மற்ற மூன்றும் பச்சை, சிவப்பு, நீலத்துக்கு. ஸ்ட்ரிப் முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே நிறம்தான் எரியும். ஏஆர்ஜிபி 5 வோல்ட், மூன்று பின்: மின்சாரம், தகவல், கிரவுண்ட். அதில் ஒவ்வொரு எல்இடிக்குள்ளும் ஒரு குட்டி சிப் இருக்கிறது. அதனால்தான் நிறம் ஓடுவது போலவும், வானவில் போலவும் காட்ட முடிகிறது. தனி ஸ்ட்ரிப்பாக வாங்கும்போது டபிள்யூஎஸ்2812பி என்ற பெயர் அடிக்கடி கண்ணில் படும். அது இந்த வகைதான்.

கம்ப்யூட்டரின் தாய்ப்பலகையான மதர்போர்டில் இரண்டையும் சொருகத் தனித்தனி இடம் உண்டு. ஏஆர்ஜிபி இடத்தில் நான்கு பின்னுக்கான அகலம் இருக்கும், நடுவில் ஒன்று மட்டும் இல்லாமல் பொக்கையாக இருக்கும். பக்கத்திலேயே பலகையில் வோல்ட்டும் அச்சிட்டிருப்பார்கள். எழுத்து பொடியாக இருந்தால் மொபைலில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கனெக்டரில் இருக்கும் அம்புக்குறி, போர்டில் 12 வோல்ட் அல்லது 5 வோல்ட் என்று குறித்த பின் பக்கம் வர வேண்டும்.

ஃபேன் லைட் வயரைச் சொருகினேன், ஒரு நொடி பளிச்சுன்னு எரிஞ்சு அணைஞ்சிருச்சு. என்ன ஆச்சு?

5 வோல்ட் வயரை 12 வோல்ட் இடத்தில் சொருகியிருப்பீர்கள். எல்இடிக்குள் இருந்த சிப் போய்விட்டது. ஃபேன் மோட்டாருக்குத் தனி வயர் என்பதால் காற்று வரும், லைட் இனி வராது. ஒழுங்கான கனெக்டரில் ஒரு ஓட்டை அடைத்திருக்கும், தவறான இடத்தில் உள்ளே போகாது. மலிவான எக்ஸ்டென்ஷன் வயர்களில் அந்த அடைப்பு இருப்பதில்லை. அங்கேதான் இது நடக்கிறது.

இதற்கு வாரன்டி கேட்டால் கிடைப்பது கஷ்டம். நேர்மாறாக, 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை 5 வோல்ட்டில் கொடுத்தால் பெரும்பாலும் எரியாமல் சும்மா கிடக்கும், அவ்வளவுதான்.

எங்க ஒட்டினா நல்லா இருக்கும்?

மானிட்டரின் முதுகில், ஓரத்திலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் உள்ளே தள்ளி ஒட்டுங்கள். ஓரத்திலேயே ஒட்டினால் பக்கத்தில் உட்காருபவருக்கு எல்இடி நேராகத் தெரிந்து கண் கூசும். மானிட்டரும் சுவரும் ஒட்டிக்கொண்டிருந்தால் வெளிச்சம் பரவ இடம் இருக்காது. சுவரில் புள்ளி புள்ளியாக விழும். ஒரு சாண் இடைவெளி விட்டால் புள்ளிகள் கலந்து ஒரே மேகமாகிவிடும். அவ்வளவு இடமில்லை என்றால், மேல் மூடி உள்ள அலுமினியச் சேனல் வாங்கி அதற்குள் ஸ்ட்ரிப்பைப் படுக்க வையுங்கள். அந்தப் பால் நிற மூடி புள்ளிகளை ஓரளவு மறைத்துவிடும்.

இரண்டாவது நல்ல இடம் மேசையின் பின் விளிம்பு, அடிப்பக்கமாக, சுவரைப் பார்த்து. மேசைக்கு முன் விளிம்பில் ஒட்டுவது எனக்குப் பிடிக்காது. முழங்காலுக்கு எதற்கு வெளிச்சம்? கண்ணாடி மேசையும் பாலிஷ் போட்ட கிரானைட் பலகையும் வைத்திருப்பவர்கள் ஒட்டும் முன் ஒரு தடவை கையில் பிடித்து எரியவிட்டுப் பாருங்கள். எவ்வளவு மறைத்து ஒட்டினாலும் பளபளப்பான பரப்பு ஒவ்வொரு எல்இடியையும் எண்ணிக் காட்டிவிடும். தரை டைல்ஸும் அப்படித்தான்.

வீடியோவுல பார்த்த மாதிரி எங்க வீட்டுல வரவே மாட்டேங்குது. அதே லைட்தான் வாங்கினேன்.

சுவர் என்ன நிறம் என்று பாருங்கள். அந்த வீடியோக்களில் இருப்பது வெள்ளை அல்லது சாம்பல் சுவர். நம் வீடுகளில் இளம் மஞ்சள், ரோஸ், பிஸ்தா பச்சை. மஞ்சள் பெயின்ட் நீல வெளிச்சத்தை விழுங்கிவிடும், திருப்பி அனுப்புவது கொஞ்சம்தான். அதனால் மஞ்சள் சுவரில் நீல லைட் அழுக்குப் படிந்தது போல் தெரியும். பச்சைச் சுவரில் ஊதாவும் அதே கதி. சுவரின் நிறத்தோடு சேர்ந்து போகும் நிறத்தை வைத்தால் நன்றாக எடுபடும்: மஞ்சள் சுவருக்கு ஆரஞ்சு, ரோஸ் சுவருக்குச் சிவப்பு கலந்த ஊதா.

நீலம்தான் வேண்டும் என்றால் மானிட்டருக்குப் பின்னால் மட்டும் ஒரு வெள்ளை சன்பேக் ஷீட்டை (விளம்பரப் பலகைக்குப் பயன்படும் பிளாஸ்டிக் அட்டை) நிறுத்திவிடுங்கள். பெயின்ட் அடிப்பதைவிடச் சுலபம், வாடகை வீட்டுக்காரரிடம் அனுமதியும் கேட்க வேண்டாம். இன்னொன்று, வீடியோ எடுப்பவர்கள் அறையை இருட்டாக்கி, கேமராவில் எக்ஸ்போஷரைக் கூட்டிக் குறைத்து எடுக்கிறார்கள். நீங்கள் டியூப் லைட்டைப் போட்டுக்கொண்டு அந்த நிறத்தை எதிர்பார்த்தால் வராது.

எந்தக் கலர் கண்ணுக்கு நல்லது?

கண்ணுக்கு இதமானது என்று கேட்டால், வேலை நேரத்தில் நிறமே இல்லாத வெள்ளை. மானிட்டர்கள் 6500 கெல்வின் என்ற, பகல் வெளிச்சம் போன்ற வெள்ளையை அடிப்படையாக வைத்தே நிறம் காட்டுகின்றன. பின்னால் விழும் வெளிச்சமும் அதே வெள்ளையாக, திரையின் உச்ச வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும். இருட்டறையில் பளிச்சென்ற திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, திரைக்கும் சுற்றியுள்ள இருட்டுக்கும் இடையில் கண் தடுமாறும். பின்வெளிச்சம் அந்த வித்தியாசத்தைக் குறைக்கிறது. இந்த விளக்குகளால் உருப்படியான பயன் என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

நிறங்களில் கண்ணைப் படுத்துவது அடர் நீலம். கண்ணின் லென்ஸ் நீலத்தை மற்ற நிறங்களைவிட முன்னதாகவே குவித்துவிடுகிறது, விழித்திரையில் அது மங்கலாகத்தான் விழும். நாம் உற்றுப் பார்க்கும்போது பயன்படும் நடுப்பகுதியில் நீலத்தை உணரும் செல்களும் மிகக் குறைவு. கறுப்புக் கீபோர்டில் நீல எழுத்துகள் எரியும்போது ஓரம் பிசிறடித்தது போல் தெரிவது இதனால்தான். கீபோர்டுக்கு வெள்ளையோ ஆரஞ்சோ வையுங்கள்.

நீல வெளிச்சம் கண் நரம்பையே கெடுத்துடும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

திரையிலிருந்தோ இந்தக் குட்டி ஸ்ட்ரிப்பிலிருந்தோ வரும் நீல வெளிச்சம் கண்ணைப் பழுதாக்குகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமியே சொல்லியிருக்கிறது. திரை முன் உட்காருபவருக்குக் கண் எரிவதற்கு முக்கியக் காரணம், இமைக்காமல் பார்ப்பது. முந்தைய பதிலில் சொன்ன மங்கல் ஒரு தொந்தரவு, நோய் இல்லை.

ஒரே ஓர் எச்சரிக்கை: ரிமோட்டில் இருக்கும் படபடவென்று மின்னும் ஸ்ட்ரோப் பொத்தான். வீட்டில் யாருக்காவது வலிப்பு வந்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னும் வெளிச்சம் சிலருக்கு வலிப்பைத் தூண்டும்.

ராத்திரி ஒரு மணி வரைக்கும் உட்கார்றேன், அப்புறம் தூக்கமே வரமாட்டேங்குது. லைட்தான் காரணமா?

ஒரு மணி வரை உட்காருவதுதான் முதல் காரணம். லைட்டுக்கும் பங்கு உண்டு. பகலா இரவா என்று மூளைக்குச் சொல்லும் செல்கள் விழித்திரையில் இருக்கின்றன. அவை அதிகம் விழித்துக்கொள்வது 480 நானோமீட்டர் அளவிலான நீலத்துக்கு. ஸ்ட்ரிப்பில் இருக்கும் நீல எல்இடி 465 முதல் 470 வரை, கிட்டத்தட்ட அதே இடம். எட்டு மணிக்கு மேல் ஆரஞ்சுக்கோ சிவப்புக்கோ மாற்றி, வெளிச்சத்தையும் பாதிக்குக் கீழே இறக்குங்கள். டைமர் உள்ள ஆப் என்றால் ஒரு தடவை நேரம் வைத்துவிட்டு மறந்துவிடலாம்.

கொலுவுக்கு வாங்கின சீரியல் செட் சும்மா கிடக்கு. அதையே மேசைக்குப் பின்னால சுத்திடலாமா?

வேண்டாம். அந்த மலிவான சீரியல் செட்டுகளில் பலவற்றுக்குள் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. 230 வோல்ட்டை அப்படியே எடுத்து, வரிசையாகக் கோத்த எல்இடிகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடுதான். வயர் எங்காவது உரிந்து இரும்பு மேசைக் காலிலோ கேபினெட்டிலோ பட்டால் ஷாக் அடிக்கும். பூஜை அறையில் யார் கையும் படாமல் பத்து நாள் தொங்குவது வேறு. கால் உதைக்கிற, நாற்காலிச் சக்கரம் ஏறுகிற இடத்தில் வருடம் முழுக்கக் கிடப்பது வேறு. 5 அல்லது 12 வோல்ட்டில் ஓடுபவற்றை நல்ல அடாப்டரோடு வாங்குங்கள்.

யூஎஸ்பி போர்ட்டுலயே சொருகிக்கலாமா? தனி அடாப்டர் எதுக்கு?

நீளத்தைப் பொறுத்தது. யூஎஸ்பி 2 போர்ட் தரக்கூடியது 500 மில்லி ஆம்பியர், யூஎஸ்பி 3 என்றால் 900. ஏஆர்ஜிபி எல்இடி ஒன்று முழு வெள்ளையில் 50 முதல் 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். மீட்டருக்கு 60 எல்இடி உள்ள ஸ்ட்ரிப்பில் ஒரு மீட்டரே 3 ஆம்பியரை எட்டிவிடும். யூஎஸ்பி போர்ட் தாங்காது. யூஎஸ்பி முனையோடு விற்கும் ஸ்ட்ரிப்புகளில் எல்இடி குறைவாக, வெளிச்சமும் குறைவாக வைத்திருப்பார்கள். அவற்றை அந்த நீளத்துக்குள் சொருகிக்கொள்வதில் தவறில்லை. ஒன்றோடு ஒன்று சேர்த்து நீட்டாதீர்கள்.

மதர்போர்டுக்கும் எல்லை உண்டு. பெரும்பாலான போர்டுகளின் கையேட்டில் ஓர் இடத்துக்கு 3 ஆம்பியர் என்று போட்டிருக்கும். 5 வோல்ட்டுக்கு அது 15 வாட், 12 வோல்ட்டுக்கு 36 வாட். ஆறு ஃபேனையும் ஸ்ப்ளிட்டர் போட்டு ஒரே இடத்தில் தொங்கவிடும் முன் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் பவர் சப்ளையிலிருந்து சாட்டா வயர் வழியாக மின்சாரம் எடுக்கும் ஹப் வாங்கிக்கொள்ளலாம். அடாப்டர் வாங்கும்போது கணக்கில் வரும் ஆம்பியரைவிடக் கால் பங்கு கூடுதலாக எடுங்கள், சூடாகாமல் நாள்பட உழைக்கும்.

ஸ்ட்ரிப்போட ஆரம்பத்துல வெள்ளை, கடைசியில மஞ்சளா, சிவப்பா இருக்கே? டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட் இல்லை. ஸ்ட்ரிப்பின் செம்புத் தடம் மெல்லியது. நீளம் கூடக் கூட வோல்ட் குறைந்துகொண்டே போகும். நீலத்துக்கும் பச்சைக்கும் 3 வோல்ட் அளவுக்கு வேண்டும், சிவப்பு 2 வோல்ட்டிலேயே எரிந்துவிடும். கடைசியில் வோல்ட் போதாமல் முதலில் நீலம் சோர்ந்துவிடுகிறது, மிச்சம் இருப்பது மஞ்சளும் சிவப்பும். 5 வோல்ட் ஸ்ட்ரிப்பில் இரண்டாவது மீட்டரிலேயே இது தெரிய ஆரம்பிக்கலாம். 12 வோல்ட் இன்னும் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும்.

அதே அடாப்டரிலிருந்து இன்னொரு ஜோடி வயரை இழுத்து மறுமுனையிலும் மின்சாரம் கொடுத்தால் சரியாகிவிடும். தகவல் வயரை மறுமுனையில் தொட வேண்டாம். இதெல்லாம் வேண்டாம் என்றால் வெளிச்சத்தைப் பாதியாகக் குறையுங்கள், மஞ்சளடிப்பது பெரும்பாலும் மறைந்துவிடும். பாதி வெளிச்சமே மேசைக்கு அதிகம்தான்.

கரண்ட் பில் ஏறுமா? அம்மா கேக்கறாங்க.

10 வாட் ஸ்ட்ரிப்பை நாளைக்கு ஐந்து மணி நேரம் எரித்தால், இரண்டு மாத பில்லில் 3 யூனிட். அம்மாவிடம் தைரியமாகச் சொல்லலாம். ஏசியைப் பற்றிக் கேட்டால் நான் பொறுப்பில்லை.

கரண்ட் போய்ப் போய் வருது. யுபிஎஸ்ல லைட்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் அவசியம் இல்லை. யுபிஎஸ் நமக்குத் தருவது வேலையைச் சேமித்து மூடும் அவகாசம். அதில் ஒரு பங்கை அலங்காரத்துக்கு ஏன் கொடுக்க வேண்டும்? மதர்போர்டிலிருந்தோ யூஎஸ்பியிலிருந்தோ எரிபவை தானாகவே யுபிஎஸ்ஸில்தான் இருக்கும், அது பெரிய சுமை இல்லை. சதுர அலை இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் மலிவான அடாப்டர் ஙொய்யென்று சத்தம் போட்டால், அதை இன்வெர்ட்டர் லைனிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அர்த்த ராத்திரி கரண்ட் வந்ததும் ஸ்மார்ட் பல்பு தானா முழு வெளிச்சத்துல எரியுது. பேய் வேலையா?

வைஃபை பல்புகளில் பலவற்றின் இயல்பே அது. மின்சாரம் வந்தால் யாரோ சுவிட்ச் போட்டதாக நினைத்துக்கொண்டு எரியும். ஆப்பின் உள்ளே, மின்சாரம் திரும்பியதும் என்ன செய்ய வேண்டும் என்று ஓர் அமைப்பு இருக்கும். பழைய நிலைக்குத் திரும்பு, அல்லது அணைந்தே இரு என்று மாற்றுங்கள். எல்லா பல்பிலும் இது இருக்காது, ஆகவே வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். படுக்கையறையில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது விலையைவிட முக்கியம்.

ஆப்பில் பல்பைச் சேர்க்கவே முடியவில்லை என்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இவை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும் பேசுபவை. சேர்க்கும்போது மொபைலையும் அதிலேயே வையுங்கள்.

ஒட்டினது நாலு நாள்ல விழுந்துடுது.

சுவரில் ஒட்டினீர்களா? டிஸ்டெம்பரும் சுண்ணாம்பும் அடித்த சுவரைக் கையால் தடவினால் மாவு வரும். பசை அந்த மாவைப் பிடித்துக்கொண்டு கீழே வந்துவிடும். மேசையின் மரத்திலோ மானிட்டரின் பிளாஸ்டிக்கிலோ ஒட்டுங்கள். முதலில் ஈரமில்லாத துணியால் தூசியைத் துடைத்து, பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துக் காயவிட்டு ஒட்ட வேண்டும். மூலையில் மடிக்கும் இடம்தான் முதலில் தூக்கும். அங்கே ஒரு பிளாஸ்டிக் கிளிப் வைத்து அழுத்திவிடுங்கள். சித்திரை வெயிலில் மொட்டை மாடி அறைகளில் எந்தப் பசையும் இளகத்தான் செய்யும், அங்கே கிளிப்பையே நம்புங்கள்.

லைட் போட்டா பூச்சியா வருது. மானிட்டருக்குப் பின்னால பல்லி குடித்தனம் நடத்துது.

பூச்சி இருக்கும் இடத்துக்குப் பல்லி வராமல் இருக்குமா? பூச்சிகளை அதிகம் இழுப்பது நீலமும் நீலம் கலந்த வெள்ளையும். ஆரஞ்சுக்கும் சிவப்புக்கும் அவ்வளவாக வராது. தூக்கத்துக்குச் சொன்ன மாற்றமே இதற்கும் உதவும். மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்பினால் எந்த நிறமும் காப்பாற்றாது, ஜன்னலைச் சாத்திவிட்டு லைட்டை அணைத்து வையுங்கள். கேபினெட்டின் பின்பக்கத் திறப்புகளில் வலை வைக்கவும் மறக்காதீர்கள். ஃபேனில் பல்லி சிக்குவது பார்க்கச் சகிக்காது.

வீடியோ கால்ல என் மூஞ்சி ஊதாவா தெரியுது.

கலர் வெளிச்சம் முகத்தில் விழுகிறது. நிறம் உங்களுக்குப் பின்னால் இருக்கும் சுவருக்கு மட்டும், முகத்துக்கு வெள்ளை. மானிட்டருக்கு மேலேயோ பக்கத்திலோ ஒரு சின்ன மேசை விளக்கைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தால், அந்த வெளிச்சம் பட்டுத் திரும்பி முகத்தில் மென்மையாக விழும். நேர்காணல் என்றால் கலரை முழுதும் அணைத்துவிடுங்கள். எதிரில் இருப்பவர் என்ன நினைப்பாரோ என்ற கவலை ஒன்று குறையும்.

மொபைல்ல படம் எடுத்தா கோடு கோடா ஓடுது. நேர்ல பார்த்தா ஒண்ணும் தெரியலையே?

இந்த விளக்குகள் வெளிச்சத்தைக் குறைப்பது, வேகமாக அணைத்து அணைத்துப் போடுவதன் மூலம். டபிள்யூஎஸ்2812பி வகையில் அது நொடிக்குக் குறைந்தது 400 முறை நடக்கும். கண்ணுக்குத் தெரியாது. கேமரா படத்தை வரிவரியாக எடுப்பதால் மாட்டிக்கொள்கிறது. ஷட்டர் வேகத்தை நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கு இறக்கினால் கோடு பெரும்பாலும் மறையும். வெப்கேமின் அமைப்பில் 50, 60 ஹெர்ட்ஸ் என்று கேட்டால் நம் ஊர் மின்சாரத்துக்கு 50.

கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சிலருக்குத் தலைவலி வரும். அவர்கள் விளக்கை முழு வெளிச்சத்தில் வைத்து, கூடுதல் வெளிச்சத்தைக் கனமான மூடியால் மறைப்பது நல்லது. முழு வெளிச்சத்தில் இந்த அணைத்துப் போடும் வேலை அநேகமாக இருக்காது.

போட்டோ எடிட்டிங் பண்றேன். கலர் லைட் இருந்தா பரவாயில்லையா?

கூடவே கூடாது. கண் தன்னைச் சுற்றியுள்ள நிறத்துக்குப் பழகிவிடும். ஊதா வெளிச்சத்தில் அரை மணி நேரம் இருந்துவிட்டு வராந்தாவுக்குப் போய்ப் பாருங்கள், வெள்ளைச் சுவர் பச்சையடிக்கும். அந்தக் கண்ணோடு கல்யாண ஆல்பத்துக்குக் கலர் திருத்தினால் மணப்பெண் முகம் என்னாகும்? எடிட் செய்யும்போது முன்னே சொன்ன 6500 கெல்வின் வெள்ளை மட்டும். பின்சுவரும் நிறமில்லாமல் இருப்பது உத்தமம். இதற்குக் கலர் ஸ்ட்ரிப்பின் கலப்பு வெள்ளை உதவாது, வெள்ளைக்கென்றே செய்த ஸ்ட்ரிப் வேண்டும்.

போர்டுக்கு ஒரு சாஃப்ட்வேர், கீபோர்டுக்கு ஒண்ணு, ரேமுக்கு ஒண்ணு. எல்லாத்தையும் ஒண்ணா ஆக்க முடியாதா?

ஓரளவு முடியும். அசுஸுக்கு ஆரா, எம்எஸ்ஐக்கு மிஸ்டிக் லைட், கிகாபைட்டுக்கு ஆர்ஜிபி ஃப்யூஷன், கோர்செயருக்கு ஐக்யூ என்று ஆளுக்கொரு கடை விரித்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் போட்டுக்கொண்டால் பின்னணியில் நாலைந்து புரோகிராம் ஓடிக்கொண்டே இருக்கும். முதல் கேள்விக்கு ஓடாது, மெதுவாகவும் ஆகாது என்றேன். அது விளக்குக்கு. இந்தப் புரோகிராம்கள் பழைய கம்ப்யூட்டரில் கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும். இரண்டு புரோகிராம் ஒரே ரேமின் விளக்கைப் பிடித்து இழுத்தால் நிறம் சிக்கித் திக்கும்.

ஓப்பன்ஆர்ஜிபி என்ற இலவச மென்பொருள் பல நிறுவனங்களின் கருவிகளையும் ஒரே இடத்தில் காட்டும், லினக்ஸிலும் ஓடும். அதைப் போடும் முன் மற்றவற்றை நீக்கிவிடுங்கள். விண்டோஸ் 11-இல் 2023 முதல் டைனமிக் லைட்டிங் என்ற வசதி வந்திருக்கிறது. அதற்கு ஒத்துவரும் கீபோர்டு, மவுஸ் என்றால் தனி மென்பொருளே வேண்டாம். பெரும்பாலான கருவிகளில் நிறத்தைக் கருவிக்குள்ளேயே சேமிக்கும் வழி இருக்கிறது. ஒரே நிறத்தில் நிலையாக வைப்பவர் ஒரு தடவை சேமித்துவிட்டு மென்பொருளைத் தூக்கிவிடலாம். நான் அந்தக் கட்சி.

கம்ப்யூட்டரை ஷட் டவுன் பண்ணியும் கீபோர்டு விடிய விடிய எரியுதே?

அணைத்த பிறகும் மதர்போர்டு ஒரு சிறு மின்சாரத்தை வைத்திருக்கும், அதில் யூஎஸ்பி போர்ட்டுகளும் உயிரோடு இருக்கும். மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய், அந்தச் சிறு மின்சாரத்தை நிறுத்தும் ஈஆர்பி என்ற அமைப்பை இயக்குங்கள். சில போர்டுகளில் அணைத்த நிலையில் விளக்கு எரிய வேண்டுமா என்று தனியாகவே கேட்கும். ஈஆர்பி போட்டால் கீபோர்டைத் தட்டிக் கம்ப்யூட்டரை எழுப்பும் வசதி போய்விடும். அது தேவைப்படுபவர்கள் ஸ்விட்ச் போர்டிலேயே அணைத்துவிட்டுப் படுங்கள்.

திரையில ஓடுற படத்துக்கு ஏத்த மாதிரி பின்னால கலர் மாறணும். எது நல்லது?

பிலிப்ஸ் 2004-இல் ஆம்பிலைட் என்று டிவியில் கொண்டுவந்த யோசனை இது. கம்ப்யூட்டருக்கு மூன்று வழி உண்டு: மென்பொருள் திரையைப் படிப்பது, நடுவில் எச்டிஎம்ஐ பெட்டி வைப்பது, திரையின் மேல் ஒரு கேமரா ஒட்டுவது. மென்பொருள் வழி மலிவு. ஆனால் காப்புரிமைப் பூட்டு போட்ட ஓடிடி படங்களில் திரைப்பிடிப்பு கறுப்பாகத்தான் வரும், லைட்டும் இருட்டாகிவிடும். கேமரா வழியில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் நிறம் துல்லியமாக இருக்காது, அறையில் டியூப் லைட் போட்டாலே தடுமாறும். எச்டிஎம்ஐ பெட்டி நன்றாக வேலை செய்யும், விலைதான் அதிகம். உங்கள் மானிட்டரின் ரெசல்யூஷனும் புதுப்பிப்பு வேகமும் அதன் வழியே முழுதாகப் போகுமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

படத்துக்கும் கேமுக்கும் இது சுகம். எக்செல் திறந்து வேலை செய்யும்போது ஒவ்வொரு ஜன்னல் மாறும்போதும் சுவர் நிறம் மாறினால் எரிச்சல்தான் வரும். அந்த நேரத்தில் நிலையான நிறத்துக்கு மாற்ற ஒரு குறுக்குவிசை வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரிப்புல பாதி எரியுது, பாதி எரியல. தூக்கிப் போடணுமா?

ஏஆர்ஜிபி வகையில் தகவல் ஒரு எல்இடியிலிருந்து அடுத்ததற்குக் கைமாறிப் போகிறது. நடுவில் ஒன்று செத்தால் அதற்குப் பின்னால் இருப்பவற்றுக்குச் செய்தியே போகாது. பழுதானது பெரும்பாலும் எரியாத முதல் எல்இடி, அல்லது அதற்கு முந்தையது. அந்த ஒன்றை மட்டும் இருபுறமும் வெட்டுக் கோட்டில் வெட்டி எடுத்துவிட்டு, மூன்று வயர் வைத்து ஈயப் பற்று வைத்தால் மீதி எரியும். ஸ்ட்ரிப்பில் உள்ள அம்புக்குறிகள் எல்லாம் ஒரே திசையில் இருக்க வேண்டும். 12 வோல்ட் ஸ்ட்ரிப் என்றால் மூன்று மூன்றாகக் கோத்திருப்பார்கள், அதனால் மூன்று மட்டும் அணையும், மற்றவை எரியும்.

சிவப்பு என்று வைத்தால் பச்சை எரிகிறது என்பவர்களும் தூக்கிப் போட வேண்டாம். டபிள்யூஎஸ்2812பி வகை பச்சை, சிவப்பு, நீலம் என்ற வரிசையில் தகவலை எதிர்பார்க்கிறது. உங்கள் கன்ட்ரோலர் வேறு வரிசையில் அனுப்புகிறது. ஆப்பில் நிற வரிசை என்று இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள், மொத்தமே ஆறு வகைதான்.